இரத்தக் குழாய்ச் சுவரும் பூர்வஜன்ம வினையும்

(பட்டாபிராமில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் அரிவாள் அணு நோயைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவு)



இன்று பேசுவதற்கு எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் அரிவாள் அணு நோய் என்பதாகும். நான் வைத்தியனல்ல. மருந்து சொல்லவும் இங்கு வரவில்லை. வைத்தியர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் கண்டு வெளியிட்டிருக்கும் சங்கதிகளைப் படித்து, எனக்கு விளங்கின அளவுக்கு உங்களுக்கும் விளங்கச் செய்யலாம் என்கின்ற எண்ணத்தின் மீதே ஒப்புக்கொண்டேன். ஆதலால் மேடையில் நிற்கிறவன் சொல்லிவிட்டான் என்பதற்காக எதையும் நீங்கள் நம்பிவிட வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள், சந்தேகமிருந்தால் நாளைக்கே ஒரு டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

"இது மலையிலும் காட்டிலும் இருக்கிற ஜனங்களுக்கு வருகிற வியாதியாயிற்றே, மின்சார ரயில் ஓடுகிற பட்டாபிராமில் இதைப்பற்றிப் பேச்சு எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம்முடைய திருவள்ளூர் ஜில்லாவின் செங்கல் சூளைகளைப் பாருங்கள். அங்கே மண்ணைக் குழைத்துக் கல் அறுக்கிறவர்கள் யார்? மேற்கு ஒடிசாவில் பலாங்கீர் முதலான ஜில்லாக்களிலிருந்து பெண்டு பிள்ளைகளோடு வந்திருக்கிறவர்கள் அவர்களில் ஏராளம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களிலும் ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கத்தார் அநேகர் இருக்கிறார்கள். அந்தப் பிரதேசங்கள்தான் இந்தியாவில் இந்த வியாதி மிகுதியாகக் காணப்படும் இடங்களில் முக்கியமானவை. அங்கே இது ஆதிவாசிகளுக்கு மட்டும் உள்ளதல்ல; தாழ்த்தப்பட்டவர்கள் என்கின்றவர்களுக்கும், உழவுத்தொழில் செய்யும் பல ஜாதியாருக்கும் உண்டு. ஆகவே வியாதி நம் ஊர் எல்லைக்குள் வந்து குடியிருக்கின்றது. நமக்குத்தான் அதன் பெயர் தெரியவில்லை.

பெயர் தெரியாததனால் நடப்பது என்ன? சூளையில் ஒருவன் நேற்று வரை நன்றாக வேலை செய்கிறான். இன்று விடியற்காலையில் கை கால் எலும்பெல்லாம் உடைத்துப் போட்டதுபோல் வலிக்கிறது என்று புரளுகிறான். வெளியில் காயமில்லை, வீக்கமுமில்லை. மேஸ்திரி வந்து பார்த்து, "வேலைக்குக் கள்ளம், நடிக்கிறான்" என்கிறான். கூட இருக்கிறவர்கள் "காற்று கருப்பு அடித்துவிட்டது" என்கிறார்கள். கிழவி, "போன ஜன்மத்தில் செய்த வினை" என்கிறாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும், இந்த வியாதியைப் பார்த்துப் பழகாத டாக்டராயிருந்தால் ஒரு ஊசி போட்டு, "ஒன்றுமில்லை, போ" என்று அனுப்பிவிடுவார். நால்வரும் நான்கு விதமாகப் பேசினாலும், அவனுடைய இரத்தக் குழாய்க்குள் என்ன நடக்கின்றது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

நம் இரத்தம் சிவப்பாயிருப்பதற்குக் காரணம் அதிலுள்ள சிவப்பணுக்கள். ஒவ்வொன்றும் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள வட்டத் தட்டு. அதற்குள் ஹீமோகுளோபின் என்கின்ற பொருள் நிறைந்திருக்கிறது. நுரையீரலில் பிராண வாயுவை ஏற்றிக்கொண்டு போய் உடம்பெங்கும் இறக்கிவிட்டுத் திரும்புவதுதான் அதன் வேலை. சரீரத்தின் மிகச் சன்னமான குழாய்கள் இந்த அணுவைவிடக் குறுகலானவை. ஆனாலும் நல்ல அணு மெத்தென்று மடிந்து நெளிந்து புகுந்து வந்துவிடும். அதற்கு ஆயுசு சுமார் 120 நாள்.

அரிவாள் அணு நோய் உள்ளவருடைய ஹீமோகுளோபினில் ஒரு சிறு பிசகு இருக்கிறது. அதன் ஒரு பகுதி 146 கண்ணிகள் கோத்த சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறாவது கண்ணியாகக் குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வாலின் என்ற வேறொன்று இருக்கிறது. இவ்வளவுதான் வித்தியாசம். இதை 1956-57-ம் ஆண்டுகளில் வெர்னான் இங்கிராம் என்பவர் கண்டுபிடித்தார். இந்தப் பிசகுள்ள ஹீமோகுளோபின், பிராண வாயுவை இறக்கினவுடன் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகத் திரளுகின்றது. அந்த நார்கள் உள்ளேயிருந்து முட்டுவதால் அணு விறைத்து, கதிர் அறுக்கும் கருக்கரிவாள் போல வளைந்துவிடுகின்றது. இப்படி வளைந்த அணுக்களை முதன்முதலில் 1910-ல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற டாக்டர் எழுதி வெளியிட்டார். நோயாளி, கிரனாடா தீவிலிருந்து பல் வைத்தியம் படிக்க வந்த ஒரு மாணவர். கோளாறு ஹீமோகுளோபினுக்குள்தான் இருக்கிறது என்பதை 1949-ல் லைனஸ் பாலிங்கும் அவரது கூட்டாளிகளும் காட்டினார்கள்.

நிற்க. வெகு காலம் வரையில் வைத்திய உலகத்தில் சொல்லிவந்த வியாக்கியானம் என்னவென்றால், வளைந்த அணு சன்னமான குழாயில் சிக்கிக்கொள்ளுகிறது, சாக்கடையில் குச்சி அடைத்துக்கொள்ளுவதுபோல அடைத்துவிடுகிறது, அதனால் வலி வருகிறது என்பதே. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹீமோகுளோபின் பிராண வாயுவை இறக்கின அந்த நொடியே நாராகிவிடுவதில்லை. அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் அநேக அணுக்கள் சன்னக் குழாயைக் கடந்து, நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்து, மறுபடியும் பிராண வாயுவை ஏற்றிக்கொண்டு தப்பிவிடுகின்றன. அப்படித் தப்பாமற் போனால் இந்த வியாதி உள்ளவர் ஒரு நாள்கூட வலியில்லாமல் இருக்க முடியாது. அவர்களோ வாரக்கணக்காக, மாதக்கணக்காக நன்றாயிருந்து திடீரென்று ஒரு நாள் விழுகிறார்கள். அந்த ஒரு நாள் என்ன விசேஷம்? அரிவாள் வடிவ அணுக்களை எண்ணிப் பார்த்தார்கள். அதிகம் உள்ளவருக்கு வலி அதிகம், குறைவாக உள்ளவருக்கு வலி குறைவு என்று கணக்கு ஒத்துவரவில்லை.

1980-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹெப்பலும் அவரது கூட்டாளிகளும் ஒரு பரீட்சை செய்து வெளியிட்டார்கள். இரத்தக் குழாயின் உட்சுவரில் ஓடு பாவினதுபோலப் படிந்திருக்கும் அணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார்கள். அதன்மேல் சிவப்பணுக்களை விட்டுக் கழுவினார்கள். சாதாரண மனிதருடைய அணுக்கள் பெரும்பாலும் கழுவலில் போய்விட்டன. இந்த நோயாளிகளுடைய அணுக்களோ சுவரைப் பற்றிக்கொண்டு நின்றன. அதுமட்டுமல்ல, யாருக்கு வியாதி கடுமையோ அவருடைய அணுக்கள் அதிகமாக ஒட்டின. வளைவை எண்ணிக் கிடைக்காத விடை, ஒட்டுதலை எண்ணினபோது கிடைத்தது.

இதை நம் ஊர் வழக்கத்தில் சொல்லுகிறேன். பட்டாபிராமில் காலை வண்டியில் ஏறுகிறவர்களில் பலர் பட்டினியாக ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் அந்த நெருக்கடியில் நின்றால் மயங்கி விழுந்துவிடுவார்கள். வண்டி நேரத்தில் சென்ட்ரல் போய்ச் சேர்ந்தால் இறங்கிக் காப்பி குடித்துப் பிழைத்துக்கொள்ளுவார்கள். ஆவடிக்கு அப்பால் கைகாட்டி விழாமல் வண்டி நின்றுவிட்டால்? ஒவ்வொருவராக மயங்குவார்கள், வாசலில் விழுந்தவனைத் தாண்டி மற்றவன் இறங்க முடியாது, பின்னால் வரும் வண்டிகளும் நிற்கும். மயங்குகிற பலவீனம் அவர்களுக்கு எப்பொழுதும் உண்டு. ஆனால் அன்றைக்கு விழவைத்தது தாமதம். இரத்தத்திலும் அப்படியே. சன்னக் குழாயைக் கடந்தவுடன் வரும் சிறு சிரைகளில் சில அணுக்கள் சுவரில் ஒட்டுகின்றன. வழி குறுகுகிறது, ஓட்டம் மந்தமாகிறது. பின்னால் வருகிற அணுக்கள் தப்பவேண்டிய நேரத்துக்குள் தப்ப முடியாமல் அங்கேயே விறைத்து வளைந்து, ஒட்டி நிற்பவைகளுக்குப் பின்னால் அடைத்துக்கொள்ளுகின்றன. அதற்கு அப்பாலுள்ள எலும்புக்கும் சதைக்கும் பிராண வாயு போவதில்லை. அந்த எலும்பு கத்துகிறது. அதைத்தான் மேஸ்திரி நடிப்பு என்கிறான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதலில் ஒட்டுகிறவை பெரும்பாலும் வளைந்துபோன கிழ அணுக்களல்ல. எலும்பு மச்சையிலிருந்து அப்பொழுதுதான் வெளியே வந்த இளம் அணுக்கள். இந்த வியாதியில் சிவப்பணுவுக்கு ஆயுசு 120 நாளல்ல. 10 முதல் 20 நாள்தான். செத்துப்போகிறவைகளுக்கு ஈடு செய்ய எலும்பு மச்சை அவசரம் அவசரமாகப் பக்குவமில்லாத அணுக்களை வெளியே தள்ளுகிறது. மச்சைக்குள் இருக்கும்போது பற்றிக்கொண்டிருப்பதற்காக அவைகளின் மேல் கொக்கி போன்ற பொருள்கள் உண்டு. பக்குவமானபின் அவை உதிர்ந்துபோகவேண்டும். அவசரத்தில் கொக்கியோடேயே வந்துவிடுகின்றன. சுவரிலும் அந்தக் கொக்கிக்கு ஏற்ற வளையங்கள் முளைக்கின்றன. உடைந்த அணுக்களிலிருந்து கொட்டின ஹீமோகுளோபின், குழாயை விரித்து வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை விழுங்கிவிடுகிறது. குழாய் சுருங்கிச் சுவர் புண்படுகிறது. புண்பட்ட சுவர் தன்னுள் சேமித்து வைத்திருந்த பி-செலெக்டின் என்கின்ற பசையை மேலே கொண்டுவருகிறது. அந்தப் பசையில் வெள்ளணுக்களும் வந்து ஒட்டி, போகிற வருகிற சிவப்பணுக்களைப் பிடித்து நிறுத்துகின்றன. அடைப்பினால் சுவர் இன்னும் புண்படுகிறது. புண்பட்டதனால் இன்னும் ஒட்டுகிறது.

இனி, நம் ஜனங்கள் செய்யும் சிகிச்சையைக் கவனியுங்கள். பேய் பிடித்தது என்று சொல்லி விடியற்காலையில் மஞ்சள் நீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றுகிறார்கள். குளிர்ந்த நீர் பட்டால் குழாய்கள் சுருங்கும், ஓட்டம் மந்தமாகும். தோஷம் கழிய விரதம் என்று தண்ணீர்கூடக் கொடாமல் போடுகிறார்கள். உடம்பில் நீர் வற்றினால் அணுவிலும் நீர் வற்றும். உள்ளே ஹீமோகுளோபின் செறிந்துபோகும். செறிவு சற்றுக் கூடினாலும், நாராகத் திரளுவதற்கு ஆகிற நேரம் பல மடங்கு குறைந்துபோகிறது என்பது பரீட்சையில் கண்ட உண்மை. சில இடங்களில் வலிக்கிற இடத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுகிறார்கள். புண் சீழ்பிடித்துக் காய்ச்சல் வந்தால் சுவரின் பசை இன்னும் அதிகமாகும். பேய் என்று ஒன்று உண்மையில் இருந்து, இவனை வதைக்கவேண்டுமென்று யோசித்திருந்தாலும், இதைவிடச் சாமர்த்தியமாக ஒன்றும் செய்திருக்க முடியாது. இதற்குத் தட்சணை வேறு!

வினைப்பயன் என்பவர்களையும் ஒன்று கேட்கிறேன். இந்த வியாதி ஆப்பிரிக்காவில் இருக்கிறது, அரேபியாவில் இருக்கிறது, கிரீஸில் இருக்கிறது, இந்தியாவில் நடுப்பிரதேசங்களிலும் நீலகிரியிலும் இருக்கிறது. இந்த இடங்களுக்கெல்லாம் பொதுவான பாவம் எது? ஒரு பாவமும் இல்லை. பொதுவாயிருந்தது மலேரியாக் கொசு. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தப் பிசகைப் பெற்றவருக்கு இந்த வியாதி வருவதில்லை. அவரை மலேரியாவும் எளிதில் கொல்லுவதில்லை. 1954-ல் அந்தோணி ஆலிசன் என்பவர் இதை ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து எழுதினார். மலேரியாவுக்குத் தப்பிப் பிழைத்தவர்கள் பிள்ளை பெற்றார்கள். பிசகும் கூடவே வந்தது. இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைதான் நோய்ப்படுகிறது.

இந்தியாவில் இதை வெளிப்படுத்தினது 1952-ல். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நம்முடைய நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில் இதைக் கண்டு எழுதினார்கள். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போயிருந்தவர்களிடத்திலும் கண்டார்கள். இந்த லேமன் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஹிட்லர் ஆட்சியின்போது இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவர். எவனுடைய நாட்டில் "சுத்த இரத்தம்", "அசுத்த இரத்தம்" என்று பேசித் துரத்தினார்களோ, அவன் இரத்தத்தை உண்மையாகவே பரிசோதித்துப் பார்க்க நம் மலைக்கு வந்தான் பாருங்கள். இரத்தத்தில் ஜாதியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு நாளும் அது அகப்பட்டதில்லை.

பிறகு நீலகிரியில் காரியங்கள் நடந்திருக்கின்றன. கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கத்தாரும், 1990 முதல் கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியாரும் இருளர், குறும்பர், பணியர் முதலானவர்களிடையே பரிசோதித்து மருந்து கொடுத்து வருகிறார்கள். மத்திய சர்க்காரும் 2023 ஜூலை 1-ல் ஒரு பெரும் திட்டத்தை ஆரம்பித்து, 17 மாகாணங்களில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதென்றும், 2047-க்குள் ஒழிப்பதென்றும் சொல்லியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் திட்டம் ஆதிவாசிகள் மிகுந்த ஜில்லாக்களையே பெரிதும் கணக்கில் வைத்திருக்கிறது. பிழைப்புக்காக அந்த ஜில்லாவை விட்டு நம் சூளைக்கு வந்தவனை யார் சோதிப்பது?

மருந்தைப் பற்றிச் சில வார்த்தைகள். ஹைட்ராக்ஸியூரியா என்று ஒரு மாத்திரை உண்டு. 1995-ல் 299 பேரை வைத்துச் செய்த பரீட்சையில், வருஷத்துக்கு நாலரை தடவை வந்த வலி இரண்டரையாகக் குறைந்தது. இது சிசுப் பருவத்து நல்ல ஹீமோகுளோபினை மறுபடியும் உண்டாகச் செய்கிறது. வெள்ளணுக்களைக் குறைத்து ஒட்டுதலையும் குறைக்கிறது. விலை உயர்ந்ததல்ல. ஆனால் டாக்டர் பார்வையில், அடிக்கடி இரத்தத்தைச் சோதித்துக்கொண்டு, விடாமல் சாப்பிடவேண்டும். மற்றொன்று, சுவரின் பசையாகிய பி-செலெக்டினையே மூடிவிடும் கிரிஸான்லிஸுமாப் என்ற ஊசி. முதல் பரீட்சையில் வலி குறைந்தது என்று கண்டு 2019-ல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் அனுமதித்தார்கள். அடுத்த பெரிய பரீட்சையில் வெறும் ஊசியைவிட இது மேலானதென்று காணவில்லை. 2023-ல் ஐரோப்பாவில் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். "பார்த்தாயா, உங்கள் விஞ்ஞானம் இன்றைக்கு ஒன்று சொல்லி நாளைக்கு மாற்றுகிறது" என்று ஆஸ்திகர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கோடிக்கணக்கான ரூபாய் போட்டுச் செய்த மருந்தைக்கூட, கணக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தவுடன் வேண்டாமென்று தள்ளினார்களே! பலிக்காத தாயத்தை எந்த மந்திரவாதியாவது வாபஸ் வாங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்திருக்கிறானா? பசை ஒரு விதமானதல்ல, பல விதம் என்பதால் ஒன்றை மூடினால் போதவில்லை போலும். அதை இன்னும் ஆராய்கிறார்கள்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். பிசகைச் சுமப்பவர் ஒருவரும், இல்லாதவர் ஒருவரும் கல்யாணம் செய்தால் பிள்ளைக்கு இந்நோய் வருவதில்லை. சுமப்பவர்கள் இருவர் சேர்ந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோயாளியாகப் பிறக்க இடமுண்டு. இதை அறிய ஒரு சொட்டு இரத்தம் போதும். கரைசல் சோதனை என்று ஒன்று. சில நிமிஷத்தில் சந்தேகம் உண்டா இல்லையா என்று காட்டும். உண்டு என்றால் இன்னொரு நுட்பமான சோதனையில் சுமப்பவரா, நோயாளியா என்று பிரித்துச் சொல்லுவார்கள். பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறான் என்று பார்க்கிறோம். செவ்வாய்க்கும் சிவப்பணுவுக்கும் நிறம் ஒன்று என்பதைத் தவிர வேறு சம்பந்தமில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. சோதனைச் சீட்டும் இன்னொரு ஜாதகமாகிவிடக்கூடாது. பெண்ணின் சீட்டை மாத்திரம் கேட்டு, "சுமப்பவள்" என்றவுடன் தள்ளிவிட்டு, மாப்பிள்ளையின் இரத்தத்தைச் சோதிக்கவே மறுக்கும் யோக்கியர்கள் கிளம்புவார்கள். பிசகு பிள்ளைக்கு நோயாவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதைத் தாய்மார்கள் நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

(பிறகு கூட்டத்தார் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்)

கேள்வி: இது தொட்டால் ஒட்டுமா? கூட உண்டால் வருமா?

பதில்: வராது. அணு சுவரில் ஒட்டுகிறதே ஒழிய ஆளுக்கு ஆள் ஒட்டுவதில்லை.

கேள்வி: மாமன் மகளைக் கட்டலாமா?

பதில்: ஒரே குடும்பத்தில் பிசகு இருந்தால் மாமன் மகள், அக்காள் மகள் ஆகியவர்களிடத்திலும் அது இருக்க இடம் அதிகம். இருவரும் சோதித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எந்தக் குறி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்?

பதில்: நோயுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் இரவென்று பாராமல் போகவேண்டும். மார்பு வலியோடு மூச்சு முட்டினாலும், ஒரு பக்கம் கை கால் விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும், குழந்தை திடீரென்று வெளுத்து இடது வயிறு உப்பினாலும் அப்படியே. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிசுவுக்குக் கையும் பாதமும் வீங்கி அழுதால், கண் திருஷ்டி சுற்றிப்போடுவதை விட்டு இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சூளை ஆளுக்கு இது இருக்கிறதென்று தெரிந்தால், வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்களே! அதற்குத் தெரியாமலே இருப்பது மேலல்லவா?

பதில்: சீட்டு அவனிடத்திலும் டாக்டரிடத்திலும் இருக்கவேண்டியது, மேஸ்திரியிடத்தில் இருக்கவேண்டிய அவசியமில்லை. அவனுக்கு வேண்டியது என்ன? வெயிலில் மணிக்கொரு தரம் குடிக்கத் தண்ணீர், ஒதுங்க நிழல், மார்கழிக் குளிரில் ஒரு கம்பளி, வலி வந்த நாளில் கூலி பிடிக்காத விடுமுறை, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி. நோயில்லாதவனுக்கும் இவையெல்லாம் வேண்டியவைதானே. முன்பணத்தைக் காட்டி அவனைப் போகவிடாமல் பிடித்து வைத்தால், அதற்கு 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் பக்கத்துச் சூளையில் அப்படி ஒருவன் புரளுவதைக் கண்டால், அவனுக்கு ஒடியாவில் பேசத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், "அரிவாள் அணு நோய்ச் சோதனை செய்யுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் அது அவர்களுக்குத் தோன்றாது.